டீச்சர் சொன்னால் கேட்பார்கள்

தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது வேதியியல் டீச்சர் முதலில் சிரித்துவிட்டாள். "இவ்வளவு வருஷம் கத்தினதுக்கு மூளையில விழாம தொண்டையோட போச்சே டாக்டர்" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. குரல்நாண்கள் இரண்டும் காய்த்துப்போய்விட்டன, இனியும் வகுப்பில் குரலை உயர்த்தினால் பேச்சே நின்றுபோகும் என்றார்.

சேலையில் மைக் குத்திக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தாள். தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பி, "பக்கத்து வகுப்புல வரலாறு நடக்குது டீச்சர். அங்க பசங்க யுத்தத்துக்கு நடுவுல கந்தக அமிலம்னு எழுதி வச்சிருக்காங்க" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வருடக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். ஆய்வகச் சாவியைத் தலைமையாசிரியையின் மேசைமேல் வைத்தபோது கை சட்டென்று மேலே வரவில்லை.

வீட்டில் சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. பாத்திரங்களை அளவு வாரியாக அடுக்கினாள், மறுநாள் வேறு மாதிரி அடுக்கினாள். கணவர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். "என்னையும் அடுக்கி வைக்கறதுக்குள்ள வேற ஏதாவது பாரு" என்று மட்டும் சொன்னார்.

வழி காட்டியது தம்பிதான். அவன் ஒரு தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனத்தில் இருந்தான்.

"ஒரு ஆபீஸ்ல வேலை எப்படி நடக்குதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு ஏத்த சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கறோம்க்கா. புரோகிராம் எழுதற ஆளுங்க எங்ககிட்ட நிறையவே இருக்காங்க. மனுஷங்ககிட்ட உக்காந்து பேசத்தான் ஆள் இல்ல."

"எனக்குத் தொண்டையே இல்லையேடா."

"பேசறது கொஞ்சம்தான். கேக்கறதுதான் வேலை."

நாற்பத்தாறு வயதில் மறுபடி படிக்க உட்கார்ந்தாள். கல்லூரிக்குப் போகும் மகள், சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு எதிரே தன் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். "அம்மா, வாய்க்குள்ளயே முனகாதீங்க, எனக்குத் தலைவலிக்குது" என்பாள். தம்பியின் நிறுவனத்திலேயே வேலை கிடைத்தது. அவளுடைய மேலாளர், அவள் முதன்முதலில் பாடம் எடுத்த பிள்ளைகளைவிடச் சின்னவன். அலுவலகத்தில் அவளுக்கு 'டீச்சர்' என்று பெயர் வைத்ததும் அவன்தான். பாதி கிண்டல், பாதி மரியாதை.

ஆரம்பத்தில் எல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே யாரையும் அதட்ட வேண்டியதில்லை. ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு கட்டத்தில் எழுதி, கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி போட வேண்டும். வேதிவினையை எழுதுவது போலத்தான் இருந்தது.

அப்படித்தான் ஒரு சரக்கு நிறுவனத்துக்குப் போனாள். எந்த லாரி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்யும் பிரிவில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். தாழ்ந்த கூரை, ஓயாமல் அடிக்கும் தொலைபேசி, சுவர் முழுக்க வழி வரைபடம். அவர்களில் வேலையில் மூத்தவள் ஒருத்தி. வயதில் பெரியவர்கள்கூட அவளைப் 'பெரியக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். டீச்சருக்கு முன்னால் வந்த இரண்டு ஆலோசகர்களிடமும் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. டீச்சரையும் மேலும் கீழும் பார்த்தார்கள்.

டீச்சர் எதுவும் கேட்கவில்லை. மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் கரகரத்த குரலில், வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொன்னாள்: "பெரிய லாரியை முதல்ல அனுப்பிட்டா வேலை சுலபமா முடிஞ்சிடும், இல்லையா?"

அவ்வளவுதான். "ஐயோ மேடம், குடியைக் கெடுத்தீங்க!" என்று ஒருவர் நாற்காலியைத் திருப்பினார். ஆளுக்கு ஆள் விளக்க ஆரம்பித்தார்கள். மக்கு வகுப்பு என்று பெயரெடுத்த வகுப்பைப் பேச வைக்க அவள் கைவசம் வைத்திருந்த உத்தி அது. பலிக்காமல் போனதே இல்லை. அவள் குரல் சன்னமாக இருந்ததால் எல்லோரும் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் வீட்டுக் கதைகள்வரை வந்துவிட்டன. பெரியக்கா தன் மகனுக்குப் பெண் பார்ப்பதைக்கூடச் சொன்னாள்.

ஒருநாள் பெரியக்கா நேராகவே கேட்டாள். "இதெல்லாம் எழுதிக்கிட்டுப் போறீங்களே, எங்க வேலைக்கு ஒண்ணும் வராதே?"

"பயப்படாதீங்க பெரியக்கா. உங்க பளுவைக் குறைக்கத்தான்."

அதை அவள் நம்பித்தான் சொன்னாள். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லவில்லை.

அவள் போட்ட கட்டங்களைப் பார்த்து மேலாளர் துள்ளிக் குதித்தான். மென்பொருள் தயாரானது. பிறகு ஒரு கூட்டத்தில், அந்தப் பிரிவு மூடப்படுகிறது, ஒருவரை மட்டும் மேற்பார்வைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று போகிற போக்கில் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் அவள் மேலாளரின் பின்னாலேயே போனாள்.

"நான் அவங்ககிட்ட பயப்படாதீங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் மேலாளரிடம்.

"நீங்க எதுக்கு அதையெல்லாம் சொன்னீங்க?" என்றான் அவன். அவன் கெட்டவன் இல்லை. உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒண்ணு டீச்சர், இதை அவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க. வேற யாராவது சொன்னா ரகளையாயிடும்" என்றான்.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் யாரோ ஒரு முரடன் போய்ப் போட்டு உடைப்பதைவிடத் தானே சொல்வது மேல் என்று தோன்றியது. தம்பிக்கும் இதே நிறுவனம்தானே என்பதும் தோன்றியது. தலையாட்டினாள்.

சொன்னாள். அதுதான் கொடுமை, நன்றாகவே சொன்னாள். எதை முதலில் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், யார் முகத்தைப் பார்க்க வேண்டும் எல்லாம் அவளுக்குக் கைவந்த கலை. ரகளை எதுவும் நடக்கவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். இன்னொருவர், "வேற யாராவது வந்து சொல்லியிருந்தா தாங்கியிருக்க மாட்டோம் மேடம்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். அவளுக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பெரியக்கா நன்றி சொல்லவில்லை. மேசையில் கிடந்த தன் மூக்குக்கண்ணாடியையும் தண்ணீர் பாட்டிலையும் பைக்குள் போட்டாள்.

"உனக்கு முதல்லயே தெரியுமா?" என்று கேட்டாள். அன்றுவரை 'நீங்க' என்று பேசியவள்.

"சத்தியமா தெரியாது பெரியக்கா."

"கேட்டியா?"

'தெரியலைன்னா கேளு, கேக்கறது தப்பில்ல' என்று எத்தனை பிள்ளைகளின் தலையில் குட்டாத குறையாகச் சொல்லியிருப்பாள் டீச்சர். பெரியக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் ஒரு ராத்திரி சாப்பிடும்போது நடந்ததையெல்லாம் சொன்னாள். "நீ சொல்லலேன்னாலும் மூடியிருப்பாங்க" என்றார் கணவர்.

"மூடியிருப்பாங்க. ஆனா அவங்க வாயைத் திறந்தது என்னாலதானே?"

அவர் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினார்.

பழைய பள்ளிக்குப் போய்ப் பார்த்தாள். தலைமையாசிரியை நாற்காலியிலிருந்து எழுந்தே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்து வெகுநாளாகிறது. "இருந்தாலும் இந்தத் தொண்டையை வச்சிக்கிட்டு எப்படிம்மா?" என்றார். ஆய்வகத்திலிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. அந்தப் பக்கம் போகாமலே திரும்பிவிட்டாள்.

அடுத்த வேலைக்கு ஓர் ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். இந்த முறை போன உடனேயே உண்மையைச் சொல்லிவிட்டாள். "நீங்க சொல்றதையெல்லாம் வச்சுத்தான் சாஃப்ட்வேர் பண்ணுவாங்க. அப்புறம் உங்கள்ல சிலருக்கு வேலை இல்லாம போகலாம். யோசிச்சுப் பேசுங்க." அந்த அறை அப்படியே வாயை மூடிக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டு, வேலையை நிறுத்தி வாசலில் போய் நின்றார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகம் புகார் எழுதியது. அவளுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பினார்கள், அவர் சிரித்துச் சிரித்துப் பேசி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எப்போதும் போல அங்கேயும் சிலருக்கு வேலை போனது.

"உண்மையைச் சொல்லி என்னக்கா ஆச்சு?" என்றான் தம்பி. குரலில் கோபம் இல்லை, களைப்புதான்.

அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. தம்பிக்காகவோ, வயதுக்காகவோ, தெரியவில்லை. யாரையும் சந்திக்கத் தேவையில்லாத ஓர் அறையில் உட்கார்த்தி வைத்தார்கள். மற்றவர்கள் கேட்டு வாங்கி வரும் கட்டங்கள் அவளிடம் வரும். எழுத்துப் பிழை பார்க்க வேண்டும், கோணலாக இருக்கும் அம்புக்குறிகளை நேராக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பதவியின் பெயர் மட்டும் இருக்கும்: பதிவாளர், சரிபார்ப்பவர், உதவியாளர். முதல் சில வாரங்கள் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் யாராக இருக்கும், மகனுக்குப் பெண் பார்க்கிறார்களா, முதுகுவலி உண்டா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். வேலை தேங்கியது. மேலாளர் ஒருமுறை கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

இப்போது தேங்குவதில்லை. காலையில் வந்ததும் கணினியைப் போடுகிறாள். கட்டங்களை ஒரே அளவாக்குகிறாள், கோடுகளை நேராக்குகிறாள், சரிபார்த்தாகிவிட்டது என்று எழுதி அனுப்புகிறாள். அடுத்தது வருகிறது.