பித்தளைத் தகட்டின் மறுபக்கம்

தெப்பக்குளம் கடைவீதியில் பீமராவை ‘வாய்ப்பூட்டு’ என்றுதான் சொல்வோம். ஷீல்டு, கோப்பைகளில் பெயர் பொறிக்கிற கடை அவருடையது. யாருக்குப் பரிசு என்பது மேடைக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். முப்பது வருஷத்தில் ஒரு பெயர் வெளியே கசிந்ததில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி நான், எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். மனுஷன் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைப்பார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அப்பேர்ப்பட்டவர் இந்த வருஷக் குறும்பட விருதில் ஒரு கிறுக்குத்தனம் செய்தார். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் விற்கும் சந்திரம்மாள் முதல்முறையாக ஒரு குறும்படத்தில் நடித்திருந்தார். அதைப் போனில் பார்த்துவிட்டு பீமராவ் தேம்பித் தேம்பி அழுதார். “இந்தம்மாவுக்குத்தான் ஜோதி, வேற யாருக்குக் குடுப்பாங்க?” என்று என்னிடம் சொல்லிவிட்டு, பட்டியல் வருவதற்கு முன்பே ஷீல்டில் ஒட்டும் பித்தளைத் தகட்டில் சந்திரம்மாள் பெயரைப் பொறித்துவிட்டார். மறுநாள் வந்த பட்டியலில் சிறந்த நடிகையாக இருந்ததோ மேகனா, ஸ்ரீரங்கத்துக் கல்லூரிப் பெண். நல்ல தகடு வீணாகிறதே என்று, அதைத் திருப்பிப் போட்டு மேகனா பெயரைப் பொறித்து ஒட்டிக் கொடுத்தார்.

விழா ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேகனாவுக்கு ஷீல்டைக் கொடுத்ததும், சந்திரம்மாளை நடிக்க வைத்த இளவரசன் முன்வரிசையிலிருந்து பாய்ந்து எழுந்தான். “முடிவு பண்ணிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டீங்களா?” பின்னாலிருந்து மார்க்கெட் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். மிரண்டுபோன மேகனாவின் கையிலிருந்து ஷீல்டு நழுவிக் கீழே விழுந்தது. கழன்று தெறித்த தகட்டை இளவரசன் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவ்வளவுதான்!

“சிறந்த நடிகை, சந்திரம்மாள்! பாருங்க, பேரை மாத்தியிருக்கானுங்க!”

ஒரு நடுவரின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். விழாத் தலைவர் மைக்கில், “விளக்கம் கிடைக்கிற வரைக்கும் இந்த விருதை நிறுத்தி வைக்கிறோம்” என்றார். மேகனா மேடையிலேயே விம்மினாள். உண்மை தெரிந்தது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பீமராவுக்கும் எனக்கும் மட்டும்தான். அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“எந்திரிங்கண்ணே! அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?”

“சொன்னா, இனிமே என்னை நம்பி யாரு பேரு குடுப்பாங்க, ஜோதி?” என்று முனகினார். ஆனாலும் எழுந்து போனார்.

“தப்பு என்னோடதுங்க” என்றார் மைக்கில். “பட்டியல் வர்றதுக்கு முன்னாடி நானா ஆசைப்பட்டு அடிச்ச பேரு அது. இவங்க அனுப்பின பட்டியல் என் போன்ல இருக்கு, யாரு வேணா பாத்துக்குங்க.”

“யாருய்யா உனக்குச் சொல்லிக் குடுத்தது?” என்று இளவரசன் சீறினான். சந்திரம்மாள் எழுந்து வந்து அவன் கையிலிருந்த தகட்டை வாங்கினார். தன் பெயரை விரலால் தடவினார்.

“பேரை மாத்திட்டாங்கன்னதும் எனக்கு மனசு ஆறிப்போச்சுங்கய்யா. அப்ப ஜெயிச்சிருக்கேன்னுதானே அர்த்தம்?” பீமராவை நிமிர்ந்து பார்த்தார். “நான் ஜெயிக்கவே இல்லீங்களா?”

பீமராவ் தலையைக் குனிந்துகொண்டார். “இல்லீங்கம்மா.”

சந்திரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறினார். தகட்டை மேகனாவின் உள்ளங்கையில் வைத்தார், அவள் பெயர் மேலே தெரிய, தன் பெயர் அடியில்.