கணக்கு வகுப்பில் கூவிளநறும்பூ

யுத்த காலம். பென்னாகரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்சுவரை ஒட்டிக் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே கணக்கு வாத்தியார். வேலை தற்காலிகம்தான். இன்ஸ்பெக்டர் வந்து பாடத்தைக் கேட்டு நல்லபடி எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் ஏரியூரில் மாமனார் வீட்டுக் கூட்டத்தோடு போய்ச் சேர வேண்டும். எனக்கு அப்போது ஆறு மாதம்.

பாடம், சாய்த்து நிறுத்திய செங்கல் மாதிரி ஒரு வடிவம். அதன் கிரேக்கப் பேர் பாரலெலெபிபெட். கணக்கெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, இந்தப் பேர் மட்டும் வாயில் நுழையவில்லை. ‘பாரலெலெ’ வரை ஓடுவார், அப்புறம் ‘பெபெபெ’ என்று நின்றுவிடுவார். சாப்பிடும்போதும் அதே முணுமுணுப்பு.

“முதல்ல களிய முழுங்குங்க, அப்புறம் கிரேக்கத்த முழுங்கலாம்” என்றேன். முறைத்தார்.

கடைசியில் தமிழ் வாத்தியாரிடம் போய் நின்றார். இங்கிலீஷே தெரியாத அந்த மனிதர் வெண்பாவை அலகிடுவது போல விரல் மடக்கி அசை பிரித்தாராம். பா, ரலெ, லெபி, பெட்: நேர், நிரை, நிரை, நேர். “இந்தச் சீருக்குப் பேர் கூவிளநறும்பூங்க. நாலசைச்சீர், தமிழ்லயே அபூர்வம்” என்று பூரித்துப்போனாராம். இவரும் அதே தாளத்தில் சொல்லிப் பழகினார், பையன்களையும் பேரோடு சீரையும் சேர்த்துச் சொல்லப் பழக்கினார். சமையற்கட்டு ஜன்னலில் எனக்கு எல்லாம் கேட்கும்; அரிசி களையும்போதுகூட என் கை அந்தத் தாளத்தில்தான் போயிற்று.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலருகே நின்றேன். இவர் பேரை வழுவழுவென்று சொன்னார். சொன்னதுதான் தாமதம், பழக்க தோஷத்தில் வகுப்பு முழுக்கக் கத்தியது: “கூவிளநறும்பூ!”

அது என்னவென்று இன்ஸ்பெக்டர் அதட்டுவது கேட்டது.

“அப்படிப் பிரிச்சாத்தான் எனக்கு வாயில வருதுங்க” என்றார் இவர்.

பிறகு அந்தப் பெரிய மனிதர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை தடுக்கியது, அடுத்த தடவை வந்துவிட்டது. கூவிளநறும்பூ என்று அவரும் சொல்லிக்கொண்டார். அந்த வடிவத்தின் கன அளவு என்ன என்று கடைசிவரை யாரையும் கேட்கவில்லை.

மத்தியானம் இவர் சிரித்துக்கொண்டே வந்தார். எழுத்தில் நிரந்தரம் என்று போட்டாயிற்றாம். எத்தனை கிண்டல் செய்தேனோ, அத்தனை பயமும் எனக்கு இருந்தது. ஏரியூர் போவதற்கு அவருக்குத் தெரியாமல் சோற்றுப்பானை தவிர பாத்திரம் பண்டமெல்லாம் அன்று காலையே மூட்டை கட்டிவிட்டேன். சோறு போடத் தட்டு எங்கே என்று அவர் கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டேன்.