முகத்தில் அடித்த தண்ணீர்

புற்றுநோய்க்கு மருந்து சாப்பிட்டு முடியெல்லாம் கொட்டிப்போன ஒருவர் சலூனுக்கு வந்து உட்கார்ந்தார். வெட்டுவதற்கு நாலு முடிகூட இல்லை. தம்பிதான் அங்கே முடிவெட்டுகிறவன். துணியைப் போர்த்தி, மற்றவர்களுக்கு ஆகிற நேரம் முழுக்க வெறுங்காற்றில் கத்தரியை ஓட்டி, பிடரியில் பவுடரும் போட்டு அனுப்பினான். கடையைக் கூட்டிக்கொண்டிருந்த அவன் அக்கா கண்ணாடியில் பார்த்தாள். அள்ளுவதற்குத் தரையில் ஒன்றுமே விழவில்லை.

அப்படிப்பட்டவனைத்தான் அவள் புருஷன் வேடிக்கைப் பொருளாக்கி வைத்திருந்தான். கடை அவனுடையது, அந்தத் திமிர். தினமும் காலையில் தம்பி கையால் ஓசிச் சவரம் செய்துகொண்டு, பொழுதுக்கும் அவனையே கிண்டலடிப்பான்.

தம்பிக்குத் திடீரென்று நெஞ்சு தாறுமாறாகப் படபடக்கும். யார் கழுத்திலாவது வழுக்கிவிடுமோ என்று உடனே கத்தியைக் கீழே வைத்துவிடுவான்.

"மச்சான் நாடகம் ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் டிக்கெட் எடுத்துக்குங்க!"

முடி நனைக்கிற பாட்டிலால் தம்பி முகத்தில் சில்லென்று பீய்ச்சுவான் புருஷன். உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். படபடப்பும் அடங்கிவிடும். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

"பாத்தியா? உன் தம்பி பெரிய நடிகன்டீ," என்பான், பல்லைக் குத்திக்கொண்டே. அவள் எச்சில் தட்டை எடுப்பாள். ஆண்டவனே, இந்த வாய்க்கா நான் சோறு போடுகிறேன்?

ஒருநாள் பாட்டிலைக் குப்பையில் வீசினாள். படபடப்பு வந்ததும் தம்பியை வண்டியிலேற்றி ஓடினாள். இந்தத் தடவை ஈசிஜியில் சிக்கிக்கொண்டது.

"இதயத்துல கரண்ட் ஒரு கள்ளவழியில ஓடுதும்மா," என்றார், தண்ணீர் பீய்ச்சின கதையைக் கேட்ட டாக்டர். "சில பேருக்கு முகத்துல சில்லுனு தண்ணி பட்டா நின்னுடும். அதான் இத்தனை நாள் பிடிபடலை."

நெஞ்சைக் கிழிக்கவில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, அந்தக் கள்ளவழியை மட்டும் சுட்டுவிட்டார்கள். மறுநாளே தம்பி எழுந்து நடந்தான்.

புருஷன் வெட்கப்படுவான் என்று பார்த்தாள். அவனோ, "டாக்டரே சொல்லிட்டாரு, என் தண்ணிதான் வைத்தியம்!" என்று கடை முழுக்கப் பீற்றிக்கொண்டான். புதுப் பாட்டிலும் வாங்கினான். தம்பி வேலைக்குத் திரும்பிய அன்றே, ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவன் முகத்தில், "சும்மா டெஸ்ட்டு," என்று பீய்ச்சினான். கத்திக்குக் கீழே அடுத்தவன் கழுத்து! அதற்கும் சிரித்தார்கள். சீ, என்ன ஜென்மங்கள்!

தம்பியின் கை அசையவில்லை. சவரத்தை முடித்தான். கத்தியைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியேறினான். வேறு ஊருக்குப் போனவன் அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தெருமுனைவரை அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தபோது அவன் சொன்னதுதான் கடைசி.

"வேணாங்க்கா, என்னை விட்டுடு. முந்தியெல்லாம் கை நடுங்கிடுமோன்னு பயந்தேன். இப்ப நடுங்கவே மாட்டேங்குது. காலையில மாமாவுக்கும் நான்தானே சவரம் பண்ணணும்?"