காற்றாடிக் கப்பலுக்கு வசனம் எழுதியவர்

என் வீட்டுக்காரர் ஷாமைப் பார்த்தால் கார்ட்டூன் பார்க்கிற ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முப்பத்தெட்டு வயது, முன்மண்டையில் முடி இல்லை, பேச்சு குறைவு. வ.உ.சி. துறைமுகத்துக்கு வருகிற கன்டெய்னர்களுக்குச் சுங்கத்தில் தாள் தாக்கல் செய்து வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் பதினாறு வருடமாக வேலை. கார்ட்டூன் என்று சொன்னால் கோபம் வரும். "அனிமேன்னு சொல்லு ஜெப்ஸி" என்பார், ஜப்பான் கார்ட்டூனுக்கு அதுதான் பெயராம். எங்கள் மகளுக்கு ஒன்பது வயதாகிறது. அவளே அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டாள். இவர் தாண்டவில்லை.

அவர் பிறந்து வளர்ந்தது நாசரேத்தில். என் மாமனார் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். 2001-ல் 'காற்றாடிக் கப்பல்' என்று ஒரு ஜப்பான் தொடர் தமிழ் பேசிக்கொண்டு டிவியில் வந்தது, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் நாசரேத்தில் ஒரு வாத்தியார் மகன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவர் என்ன செய்தார் என்றால், சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த விசிஆரில் டைமர் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். புது கேசட்டுக்கு வழியில்லை. அப்பா பத்திரப்படுத்தியிருந்த கன்வென்ஷன் பிரசங்கக் கேசட்டுகளை எடுத்து, வாரத்துக்கு ஒரு பிரசங்கமாக அழித்து அதன்மேல் பதிந்தார்.

ஆறு மாதம் கழித்து வீட்டு ஜெபக்கூட்டத்தில் நல்ல செய்தி கேட்கலாம் என்று மாமனார் ஒரு கேசட்டைப் போட, மீசைக்காரக் கேப்டன் ஒருவர் "பாயை இறக்குங்கடா, புயல் வருது" என்று கத்தினாராம். இந்தக் கதையைச் சொல்லாமல் எங்கள் குடும்பத்தில் ஒரு கிறிஸ்மஸும் முடிந்ததில்லை. அடி எவ்வளவு விழுந்தது என்பதை மட்டும் இவர் சொல்லமாட்டார்.

இருபத்தாறு எபிசோடில் நாலு கரண்ட் கட்டில் போயிற்று. மீதி இருபத்திரண்டும் அவருக்கு வரி வரியாக மனப்பாடம். கேப்டனுக்கும் வில்லனுக்கும் சலவைக்காரப் பாட்டிக்கும் ஒரே ஆள்தான் குரல் கொடுத்திருப்பார். முதல் பாட்டை மட்டும் தமிழாக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அதை இவர் குளிக்கும்போது இன்றைக்கும் பாடுவார், ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் தெரியாது.

"இப்ப வாரதெல்லாம் சண்டையில ஆரம்பிச்சு சண்டையில முடியுது. அதுல பன்னெண்டாவது எபிசோடு முழுக்க மழைளா. கப்பல் ஓடாது. அந்தப் பொண்ணு மீயோ கிழிஞ்ச பாயைத் தைச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. இருவது நிமிசம் மழையைக் காட்டுதான். வானத்துல தூரிகை போன தடம்கூட தெரியும். எவ்வளவு தைரியம் பாரு" என்பார். கல்யாணமான புதிதில் கிண்டல் பண்ணிக்கொண்டேதான் அந்த எபிசோடைப் பார்த்தேன். பாதியில் அழுதுவிட்டேன். ஒரு மனிதன் இதையெல்லாம் இத்தனை கவனமாகப் பார்த்திருக்கிறானே என்று அன்றைக்குத்தான் இவர்மேல் எனக்கு ஆசை வந்தது.

ஆனால் பகலெல்லாம் அவர் இருப்பது வேறு இடத்தில். அந்த ஆபீசுக்கு ஜன்னல் கிடையாது. ஏசி உண்டு, குழல்விளக்கு உண்டு, ஓயாத போன் உண்டு. துறைமுகத்தில் பதினாறு வருடம் குப்பை கொட்டியும் ஒரு கப்பலில் ஏறியதில்லை. கப்பலின் பெயர் அச்சடித்த தாளைத்தான் பார்த்திருக்கிறார். சுங்கத்தில் கையெழுத்துப் போடும் பரீட்சை எழுதித் தேறியவர் அந்த ஆபீசில் அவர் ஒருவர்தான். அவர் கையெழுத்து விழாவிட்டால் ஒரு கன்டெய்னரும் கேட்டைத் தாண்டாது. அதனால் காய்ச்சல் வந்தாலும் லீவு கிடையாது, என் தம்பி கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்திலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே நின்றார். "மூச்சு முட்டுதுளா" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார்.

திட்டுகிற முதலாளி என்றால் விட்டுவிட்டு ஓடலாம். ராஜதுரை அண்ணாச்சி இத்தனை வருடத்தில் இவரை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. என் பிரசவம் சிக்கலானபோது தானே கார் ஓட்டி என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். மாப்பிள்ளையூரணியில் நாங்கள் கட்டியிருக்கும் வீட்டுக்கு மனை பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். போன மாதம் இவரைக் கூப்பிட்டு, "உன்னையும் தொழில்ல பங்காளியாப் போட்டுருதேன்லே. அவசரமில்ல, யோசிச்சுட்டு வீட்டுக்கு வந்து சொல்லு" என்றாராம். இவர் சிரித்து மழுப்பிவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. காற்றாடிக் கப்பலை மறுபடி தமிழில் கொண்டுவரப் போகிறார்களாம். பழைய தமிழ்ப் பதிவு யாரிடமும் இல்லை. ரசிகர்கள் வைத்திருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு மூலம் இவருடைய கேசட்டுகள் பற்றித் தெரிந்து, டப்பிங் ஸ்டுடியோவிலிருந்து சரண்யாதேவி என்ற பெண் பேசினாள். இவர் கேசட்டுகளை அனுப்பினார். தொலைந்துபோன நாலு எபிசோடுக்கும் அந்தப் பழைய பேச்சு நடையிலேயே வசனம் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். ஒன்பது நாளில் எழுதிக் கொடுத்தார். அந்த ஒன்பது நாளும் அவர் சாப்பாட்டில் குறை சொல்லவில்லை, மகளோடு கேரம் விளையாடினார். படித்துப் பார்த்துவிட்டு வேலைக்கே கூப்பிட்டார்கள். பழைய தொடர்கள் பதினொன்று வரிசையில் நிற்கின்றன, எல்லாவற்றுக்கும் நீங்களே எழுதுங்கள், ஒன்றாம் தேதி சென்னைக்கு வந்து சேருங்கள் என்றார்கள். "போவோம் அத்தான்" என்றேன். மனதாரத்தான் சொல்கிறேன் என்று அப்போது நினைத்தேன்.

அண்ணாச்சியிடம் போனில் சொல்வது மரியாதை இல்லை, நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். ஞாயிறு சாயங்காலம் கிளம்பினோம். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வழியில் பேக்கரியில் நிறுத்தி ஒரு கிலோ மக்ரூன் வாங்கியது நான்தான். சென்னைப் பரபரப்பில் அந்தப் பங்காளிப் பேச்சு எங்கள் இருவருக்கும் மறந்தே போயிருந்தது. எங்கள் பக்கம் சம்மதத்தைத்தான் ஸ்வீட்டோடு வீட்டுக்கு வந்து சொல்வார்கள். மறுப்பதாக இருந்தால் ஆளே வரமாட்டார்கள், தானாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ராஜினாமா சொல்ல மக்ரூன் பெட்டியோடு போன ஜோடி தூத்துக்குடியில் நாங்களாகத்தான் இருப்போம்.

கதவைத் திறந்த அண்ணாச்சி பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏளா சங்கரம்மா, இங்கன வா. ஷாமு நல்ல பதிலோட வருவான்னு நான் சொன்னம்லா."

இவர், "அண்ணாச்சி, நான் வந்தது என்னன்னா..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்லே. நீ கூச்சப்படுவ. உக்காரு மொதல்ல."

சங்கரம்மாள் மதினி உள்ளேயிருந்து ஒரு தட்டோடு வந்தார்கள். வேட்டி, சட்டை, எனக்கு ஒரு பட்டுச் சேலை, வெற்றிலை பாக்கு. முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, இவன் வாயத் தொறக்க மாட்டான். உனக்குச் சந்தோசந்தான? நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

இவர் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் என்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. அன்றைக்குக் கண்ணால் கெஞ்சினார். 'மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி, நாங்க வேற விசயமா வந்தோம்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அது என் நாக்கு நுனியில் இருந்தது.

"ரொம்பச் சந்தோசம் அண்ணாச்சி" என்றேன்.

தட்டை நீட்டிக்கொண்டு நிற்பவர்களிடம் எப்படி இல்லை என்று சொல்வது என்று திரும்பி வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். இங்கே எனக்கு ஸ்கூல் வேலை நிரந்தரமாகி இரண்டு வருடம்தான் ஆகிறது. வீட்டுக்கு இப்போதுதான் பெயின்ட் அடித்தோம். அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததும் என் நெஞ்சு லேசானது. அதை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கு ஆபீஸ்ல வச்சு பக்குவமாச் சொல்லிருங்க அத்தான்" என்றேன்.

"தட்டை வாங்கிட்டு வந்தாச்சு. இனி எப்படிளா சொல்ல?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

மறுநாள் ஆபீஸ் போர்டில் அண்ணாச்சி பெயருக்குக் கீழே இவர் பெயரையும் எழுதிவிட்டார்கள். புதன்கிழமை காலை இவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது சரண்யாதேவி போன் செய்தாள். அடிக்கிற போனை அவர் என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லிரு."

"நான் என்ன சொல்ல?"

"உனக்குச் சொல்ல வருதுல்லா. அண்ணாச்சிட்ட சொன்னேல்ல."

வாங்கிப் பேசினேன். வசதிப்படவில்லை, குடும்பச் சூழ்நிலை, மன்னிக்க வேண்டும் என்றேன். அந்தப் பெண்ணுக்கு நம்ப முடியவில்லை. அவரோடு ஒரே ஒரு நிமிஷம் பேச முடியுமா, அவர் எழுதிய வசனத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அவங்க ஆபீசுக்குக் கிளம்பிட்டாங்களே" என்றேன். கைக்கெட்டும் தூரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.