சிங்கத்துக்கு வைத்த பொட்டு

"சாமிகிட்ட வச்சுக் குடுங்கம்மா" என்று மகள் தன் புதுப் பாஸ்போர்ட்டை நீட்டினாள். விளக்கேற்றி முடித்திருந்த என் விரலில் குங்குமம் இருந்தது. அட்டையில் வாளேந்திய பொன்னிறச் சிங்கத்தைப் பார்த்ததும், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக் காம்பிரா கண்முன் வந்தது. மண்ணெண்ணெய்ப் புகையும் ஈரக் கம்பளியும் மணக்கும் ஒற்றை அறை.

பல வருடம் அலைந்து அப்பா வாங்கிய பிரஜாவுரிமைப் பத்திரத்திலும் இதே அரசாங்கச் சிங்கம்தான். சிங்கம் என்றால் நாட்டின் வீரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அக்கா சொன்னாள். அம்மா கேட்கவில்லை.

"அடி போடி, இது ஆத்தா வாகனம். கீழ பாரு, நெறகொடம், சூரியன், சந்திரன். எல்லாம் நம்ம சாமி சங்கதிதான்."

மஞ்சளைக் குழைத்துச் சிங்கத்தின் நெற்றியில் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

அக்காவுக்கு டீச்சர் வேலை வந்தபோது அந்தப் பத்திரத்தைப் பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் காட்ட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா நல்ல மனிதர்தான்.

"அரச இலச்சினை மறைஞ்சுபோச்சு அம்மா. இதை நான் எடுக்க ஏலாது."

அம்மா முந்தானையால் துடைக்கத் துடைக்க, சிங்கம் முழுவதும் சிவந்தது.

மறு பிரதி வருவதற்குள் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அக்கா கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள். முப்பது வருடம் அதை இறக்கவில்லை.

விரலைச் சேலையில் அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கினேன்.