விசில் கேட்டால் மண்டியிடும் யானை

பெருங்களத்தூரில் எங்கள் தெருக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு யானையை வரவழைத்திருந்தார்கள். ஊர்வலத்தை ஒழுங்குபடுத்த, பேட்ஜ் குத்திய கமிட்டிக்காரர் ஒருவர் விடாமல் விசில் ஊதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விசிலுக்கும் யானை கொதிக்கிற தார் ரோட்டில் மண்டியிட்டுத் தும்பிக்கையைத் தூக்கியது.

"சாமி கும்பிடுது பாரு!" என்று கூட்டம் கைதட்டியது. பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பாகன் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "விசில நிறுத்துங்கண்ணா! இது சர்க்கஸ்ல இருந்த யானை. அத வுட்டு வந்து வருஷக்கணக்காச்சு. முட்டி போடலன்னா குத்துவாங்கன்னு இன்னும் பயந்துகினு கீது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கமிட்டிக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஜனம் சந்தோஷமா கீது, வுடு சார்" என்று மறுபடியும் ஊதினார்.

விசிலை அவர் வாயிலிருந்தே பிடுங்கிவிட்டேன். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. நாலைந்து பேர் வாயில் விரலை வைத்து விசிலடித்தார்கள். யானை மறுபடியும் மண்டியிட்டது.

அந்த விசில் இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. சர்க்கஸ் முடிந்துவிட்டது என்று அந்த யானைக்குச் சொல்ல அன்றைக்கு எங்களில் ஒருவராலும் முடியவில்லை.