அப்பாவும் மாமாவும் ஓர் ஐந்தடி பொக்ஸ் பிளேடும்

அக்காவின் கலியாணத்தன்று தொடங்கி ஏறக்குறையப் பத்து மாதங்கள் அப்பாவும் மாமாவும் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. அந்தப் பத்து மாதங்களும் அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரேயொரு உழவு இயந்திரம்தான் இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சீனக்குடாப் பக்கம், பிரதான வீதியிலிருந்து அரை மைல் உள்ளே, அடுத்தடுத்த வளவுகளில் எங்கள் வீடும் அவர் வீடும். கலியாணத்துக்கு முந்திய வருடம் இருவரும் சேர்ந்து, ஜப்பானில் யாரோ பாவித்துவிட்டு விற்ற சின்ன நாலு சில்லு மெசின் ஒன்றை வாங்கியிருந்தார்கள். செம்மஞ்சள் நிறம். ஊரில் ஓடிய பெரிய உழவு இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றால் அவற்றின் பிள்ளை மாதிரி இருக்கும். வேலியில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, இரண்டு வளவுக்கும் நடுவில் தகரக் கொட்டில் போட்டு அதை நிறுத்தினார்கள். கதை நின்ற பிறகும் கொட்டில் நின்றது. திங்கள், புதன், வெள்ளி அப்பா எடுப்பார். செவ்வாய், வியாழன், சனி மாமா எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்று தீர்மானிக்க இருவரும் கதைக்க வேண்டியிருந்தபடியால் ஞாயிற்றுக்கிழமைகளில் அது சும்மா நின்றது.

டீசல் முடிந்தது, டயருக்குக் காற்று அடிக்க வேண்டும், பெல்ட் கத்துகிறது என்பதையெல்லாம் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. எனக்கு ஒன்பது வயது.

சண்டைக்குக் காரணம் ஒரு படம். கலியாண மேடையில் குடும்பப் படம் எடுத்தபோது மாமா சமையல் கொட்டிலில் பாயாசக் கிடாரத்துக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நின்றார். தாய்மாமன் இல்லாமல் படம் எடுபட்டது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன் என்றார் அப்பா. ஒருத்தரும் வந்து கூப்பிடவில்லை என்றார் மாமா. இருவரும் சொன்னது உண்மைதான். அனுப்பப்பட்ட ஆள் நான். போகிற வழியில் ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்று, வாங்கி, சாப்பிட்டு முடித்த பிறகு எதற்காக வந்தேன் என்பது ஞாபகத்தில் இல்லை. அனுப்பியது யாரை என்று அப்பா ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரும் மறந்துவிட்டார் என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன். முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. வேலி இடைவெளியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் தொண்டைக்குள் அந்த ஐஸ்கிரீம் கொஞ்சம் நிற்கும்.

அந்த வருட மாரி எங்கள் பாதையைத் தின்றுவிட்டது. அது கிரவல் சரளை போட்ட அரை மைல். மழை முடிந்தபோது நடுவில் ஒரு முதுகும் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்தில் சில்லுத் தடங்களும்தான் மிச்சம். ஓட்டோக்காரர்கள் பாதை தொடங்கும் மதகடியிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கந்தளாயில் இருந்த அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். தலைப்பிள்ளைக்கு எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். பிறகு நேரம் வந்ததும் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அம்மா ஒருநாள் வேலி இடைவெளியில், இரண்டு வளவுக்கும் கேட்கக்கூடிய இடமாகப் பார்த்து நின்று, என்னிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“இந்த ரோட்டில என்ர பிள்ளையைக் கொண்டுபோக ஏலாது. ரோட்டைச் செய்யாட்டி நான் கந்தளாய்க்குப் போறன். மூண்டு மாசத்துக்கு ரெண்டு வீட்டுக்கும் நீங்களே சமையுங்கோ.”

மாமா கலியாணம் கட்டாதவர். அவருக்கும் சோறு எங்கள் குசினியிலிருந்துதான் போகும், கோபம் இருந்த காலத்திலும். அடுத்த சனிக்கிழமையே அப்பா, மாமா, நான் மூன்று பேரும் பாதை செய்யச் சாமான் வாங்கக் கிண்ணியாவுக்கு வெளிக்கிட்டோம்.

கிண்ணியாவில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணர் உழவு இயந்திரச் சாமான்களை வெல்டிங் செய்து விற்றுவந்தார். பஸ்ஸில் அப்பா முன் இருக்கையில், மாமா கடைசி இருக்கையில். நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கிண்ணியாப் பாலத்தின் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்தபடி நின்றேன்.

நானாவின் பட்டறை வாசலில் மூன்று பொக்ஸ் பிளேடுகள் கிடந்தன. மூடியும் அடியும் முன்பக்கமும் இல்லாத இரும்புப் பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தின் கீழே மண்ணை வெட்டும் தகடு, முன்னால் ஒரு சட்டத்தில் ஏற்றி இறக்கக்கூடிய இரும்புப் பற்கள். மெசினின் பின்னால் கொளுவி இழுத்தால், பல் மண்ணைக் கிளறும், தகடு மேட்டை வெட்டும், வெட்டிய மண் பெட்டிக்குள் சேர்ந்து பள்ளம் வருகிற இடத்தில் தானே கொட்டுப்படும். ஒன்று நாலடி அகலம், ஒன்று ஐந்தடி, ஒன்று ஆறடி.

அப்பா நேரே ஆறடிக்குப் போனார். மாமா நாலடியின் மேல் கையை வைத்தார். தூது தொடங்கியது.

“நாலடி எண்டது முத்தம் கூட்டிற விளக்குமாறு எண்டு மாமாவிட்டச் சொல்லு,” என்றார் அப்பா.

“ஆறடியை அந்த மெசின் இழுக்காது. முன்னால அப்பாவைக் கட்டி இழுக்கச் சொல்லு,” என்றார் மாமா.

இருவருக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. நானா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேருக்கும் ஒரு மெசின்தானே? பின் சில்லு ரெண்டுக்கும் வெளிப்பக்கம் புடிச்சு எத்தன அடி?”

அது இருவருக்கும் தெரியாது. அளப்பது மற்றவரின் வேலை என்று இருவரும் விட்டிருந்தார்கள். அப்பா அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மா தையல் நாடாவோடு கொட்டிலுக்குப் போய் அளந்துவிட்டு, நாலடி மூன்று அங்குலம் என்றார்.

நானா எனக்கு விளங்கப்படுத்துவதுபோல அவர்களுக்கு விளங்கப்படுத்தினார். பிளேட் சில்லுத் தடத்தை மூடவேண்டும். நாலடி வாங்கினால் சில்லு அழுத்தின கோடு ரெண்டும் வெளியே அப்படியே நிற்கும். ஆறடி வாங்கினால் பெட்டி நிறைந்தவுடன் சின்ன மெசின் மூச்சு வாங்கும். “அஞ்சடி கொண்டு போங்க. பாரமும் சரியா இரிக்கும்,” என்றார்.

ஐந்தடி இருவருடைய தெரிவும் இல்லை. அதனாலேயே இருவரும் அசையவில்லை. ஒன்பது வயதில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இப்படியே விட்டால் அம்மா கந்தளாய்க்குப் போய்விடுவார். நான் மாமாவிடம் போய், “மெசினைப் பற்றி மாமாவுக்குத்தான் தெரியுமாம், மாமா அஞ்சடி எண்டா அப்பாவுக்கும் சரியாம்,” என்றேன். பிறகு அப்பாவிடம் வந்து, மாமா அவரைக் கூப்பிடும் முறையிலேயே, “அத்தான் சொன்னா அஞ்சடியே எடுப்பமாம்,” என்றேன்.

இரண்டும் யாரும் சொல்லாதவை. மாமா கொஞ்ச நேரம் பட்டறைக் கூரையைப் பார்த்தார். அப்பா ஐந்தடியின் பல் ஒன்றைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நானாவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சின்ன லொறியொன்றில் அதை ஏற்றினோம். வழுக்கி ஓடாமல் பிடிப்பதற்காக அப்பா ஒரு பக்கமும் மாமா மறுபக்கமும் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். பாலத்துக் காற்றில் இருவருடைய சட்டையும் பலூன்போல ஊதியது. நான் இரும்புப் பெட்டிக்குள்ளேயே இருந்து வந்தேன்.

திங்கட்கிழமை அப்பாவின் முறை. பற்கள் எல்லாவற்றையும் கடைசித் துளை வரைக்கும் இறக்கிவிட்டு இழுத்தார். காய்ந்த கிரவல் விடவில்லை. சில்லு நின்ற இடத்திலேயே சுற்றி, முன் சில்லுகள் இரண்டும் நிலத்தை விட்டு ஒரு சாண் எழும்பி, மெசின் நின்றுபோனது. அப்பா பற்களைத் தூக்கிவிட்டு, பிளேட்டைத் தூக்கும் லிவரை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி அரை மைலும் ஓட்டினார். அவர் முடித்தபோது பாதை கூரைத் தகரம்போல அலை அலையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மாமா ஓட்டினார். பிளேட் மண்ணைத் தொட்டும் தொடாமலும் போனது. அலையின் தலையில் இருந்த தூசி மட்டும் பறந்தது. பார்த்துக்கொண்டு நின்ற அம்மா உள்ளே போய் அலுமாரிக்கு மேலே இருந்த பயணப் பையை இறக்கித் துடைத்தார்.

புதன்கிழமை காலை அப்பா மெசினில் ஏறியதும் மாமா தானாகவே பின்னால் வந்து நின்றார். ஓட்டுகிற ஆளுக்குத் தன் பின்னால் நடப்பது சரியாகத் தெரியாது என்பது இருவருக்கும் விளங்கியிருந்தது. மெசினையும் பெட்டியையும் மேலே நடுவில் இணைக்கும் ஒரு திருகுத்தண்டு இருக்கிறது. அதைச் சுருக்கினால் பெட்டி முன்னால் குனிந்து மண்ணை வெட்டும், நீட்டினால் பின்னால் சாய்ந்து வழித்து மட்டமாக்கும். மாமா அதைத் திருகிச் சுருக்கினார். பல் இரண்டு துளை மட்டும் இறங்கியது. மெசின் மெதுவாக நகர்ந்தது. மண் உடைந்து பெட்டிக்குள் சுருண்டது. நான் சில்லிலிருந்து எட்ட விலகி, வரம்போரத்தில் ஓடி ஓடிச் செய்தி சொன்னேன்.

“அப்பா, ரெண்டு விரல் தூக்கட்டாம்.”

“என்ன?”

“ரெண்டு விரல்.”

அதற்குள் மேடு போய்ப் பள்ளம் வந்திருக்கும். தூக்க வேண்டிய இடத்தில் இறங்கும், இறக்க வேண்டிய இடத்தில் தூக்கும். எனக்கு மூச்சு வாங்கியது. என்ஜின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்திக் குரல் போய்விட்டது.

மதகடிக்கு வந்தபோது மாமா ஏதோ சொன்னார். நான் அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மதகுக் கொங்கிரீட்டின் விளிம்பு மண்ணுக்கடியில் ஒளிந்திருந்தது. பல் அதில் கொளுவி, மெசின் முழுவதும் வாய்க்கால் பக்கமாகத் திரும்பியது. ஒரு பின் சில்லு எழும்பியது.

“அத்தான், கிளச்சை மிதியுங்கோ! மிதிச்சுக்கொண்டு தூக்குங்கோ!”

அப்பா மிதித்தார், தூக்கினார். எழும்பிய சில்லு தொப்பென்று திரும்பி நிலத்தில் விழுந்தது. முன் சில்லு வாய்க்கால் விளிம்பில் நின்றது. அப்பா என்ஜினை நிறுத்தினார். பிறகு அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“மாமாவிட்டச் சொல்லு, கேட்டது எண்டு.”

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். போன குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நான் மாமாவிடம் சொன்னேன், “கலியாணத்தில உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அப்பா என்னைத்தான் அனுப்பினவர். நான் ஐஸ்கிரீம் வாங்க நிண்டிட்டன்.”

மாமா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார்.

“பத்து மாசம், அத்தான். ஒரு சொல் சொல்லியிருக்கலாமே.”

அப்பா இறங்கி வந்து, ஒரு தடியால் பல்லில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். “சின்னப் பிள்ளையைக் காட்டிக் குடுத்து நான் என்ன செய்யிறது,” என்றார், தடிக்குச் சொல்வதுபோல. பிறகு, “நானும் திரும்பி ஒருக்காப் பாத்திருக்க வேணும். நீ இல்லையெண்டது எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்,” என்றார்.

மாமா திருகுத்தண்டை இரண்டு சுற்று நீட்டினார். “இனி நான் ஓட்டுறன். நீங்கள் பின்னால நிண்டு சொல்லுங்கோ,” என்றார். அன்று மத்தியானத்துக்குப் பிறகு அவர்களுடைய சத்தம் என்ஜின் சத்தத்தையும் தாண்டி வீடுவரை கேட்டதாம். பெரும்பாலும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதுதான். சனிக்கிழமை பாதை, நடு கொஞ்சம் உயர்ந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வடியும்படி, மட்டமாகக் கிடந்தது. ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளோடு வந்துவிட்டார்கள். அம்மா பயணப் பையைத் திரும்ப அலுமாரிக்கு மேலே வைத்தார். அடுத்த வாரம் அக்கா வந்தாள். ஓட்டோ மதகடியில் நிற்காமல் நேரே வாசலுக்கே வந்தது.

அக்காவுக்கு வலி தொடங்கியது ஒரு காலைநேரம், பத்து மணியிருக்கும். ஓட்டோ வந்து வாசலில் நின்றது. இன்னும் நேரமிருக்கிறது, பதற வேண்டாம் என்று அம்மா சொல்லிக்கொண்டு உடுப்புப் பையை ஏற்றினார். அக்கா உள்ளே ஏறி இருந்து, ஓட்டோக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தாள். மாமா வயலின் மறுகரையில் நின்றார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“ஓடிப் போய் மாமாவைக் கூட்டிக்கொண்டு வா. அவர் வராமல் நாங்கள் வெளிக்கிட மாட்டம் எண்டு சொல்லு.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான் ஓடினேன். வரம்பில் ஒரு செருப்பு கழன்றது, அதை எடுக்கவில்லை. வழியில் கூட்டாளி ஒருத்தி எதையோ காட்டிக் கூப்பிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. மாமாவின் முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க வாங்க, அப்பா சொன்னதைச் சொன்னபடியே ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். மாமா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, சேற்றுக் கையால் என் தலையைத் தடவினார். “வந்து சொன்னது நல்லது, பிள்ளை. சொல்லாட்டி எனக்கு எப்பிடித் தெரியும்,” என்றார். இருவரும் சேர்ந்து ஓடினோம்.

அப்பாவின் சட்டைப் பையில் தொலைபேசி இருந்தது. மாமாவின் இடுப்பிலும் ஒன்று இருந்தது. இரண்டிலும் சார்ஜ் இல்லையாக்கும் என்று நான் அப்போது நினைத்தேன்.